கரியாவை இறக்கிவிட்ட இடம்

சிவலீலக்காவிடம் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூன்று பேர் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அதில் ஒருவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. "எங்க அக்காகூட நாலு மாசம் தாங்கிட்டா உனக்குக் கோயில் கட்டலாம் ஹாலேஷா" என்றார். நான் பதினொரு வருஷம் தாங்கிவிட்டேன். கோயில் கட்டத்தான் ஆளைக் காணோம்.

தாவணகெரேயில் மூடிப்போன பருத்தி ஆலை ஒன்றின் கிடங்கில்தான் அக்கா விலங்குக் காப்பகம் நடத்துகிறார். நூற்று நாற்பது நாய்கள், இருபது சொச்சம் பூனைகள், கால் ஒடிந்த எருமை ஒன்று, யாரோ அவிழ்த்துவிட்டுப் போன மூன்று கழுதைகள். நான் வண்டி ஓட்டுவேன், கூண்டு கழுவுவேன், கடி வாங்குவேன். அக்கா முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஐந்து வருஷ சர்வீஸ் மிச்சம் இருக்கும்போதே ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அதுவரை பிள்ளைகளிடம் காட்டிய கண்டிப்பை அதற்குப் பிறகு ஊர் முழுவதற்கும் காட்ட ஆரம்பித்தார்.

எங்காவது விலங்கைக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்று போன் வந்தால், செருப்பை மாட்டும்போதே அக்கா கேட்பது ஒன்றுதான். "எவன் பண்ணினான்?" பெயர் தெரியாமல் அவர் திரும்பி வந்ததில்லை. நாய் மேல் வெந்நீர் ஊற்றிய ஹோட்டல்காரர், கோழிகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஸ்கூட்டரில் போன மீசைக்காரர், எல்லாரும் போலீஸ் ஸ்டேஷனில் நின்றவர்கள்தான். போன வருஷம் தஸ்தகீர் நின்றார். பொரி மூட்டை ஏற்றும் குதிரைவண்டிக்காரர். குதிரையின் தோளில் வார் அறுத்த புண் இருந்தது. "மஞ்சள் பூசியிருக்கேம்மா, ரெண்டு நாள்ல ஆறிடும்" என்று கெஞ்சினார். அக்கா கேட்கவில்லை. மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை அந்த மனுஷர் ஸ்டேஷன் வாசலில் கைகட்டி நின்றார். தெரிந்தவர்கள் நான்கு பேர் பார்த்துக்கொண்டே போனார்கள். குதிரை பதினைந்து நாள் எங்களிடம் இருந்து, புண் ஆறித் திரும்பிப் போனது. அக்கா செய்தது சரிதான், இன்றைக்கும் சொல்வேன். ஆனாலும் அவர் நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை.

தெருநாய்களைப் பிடித்துவந்து கருத்தடை செய்வதும் எங்கள் வேலை. ஆபரேஷன் முடிந்த நாய்க்கு அடையாளமாகக் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. காயம் ஆறியதும், எந்தத் தெருவில் பிடித்தோமோ அதே தெருவில் கொண்டுபோய் விட வேண்டும். சட்டமும் அதுதான், நியாயமும் அதுதான். வேறு தெருவில் விட்டால் அந்தத் தெரு நாய்கள் கூடிக் குதறிவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அக்கா முதல் நாளே சொல்லிவிடுவார்: "தெரு மாத்தி விடுறதும் சோத்துல விஷம் வைக்கிறதும் ஒண்ணுதான். நல்லா ஞாபகம் வச்சுக்க."

இந்த ஏப்ரலில் எங்கள் போர்வெல் வற்றிவிட்டது. ருத்ரமுனி என்று ஒரு பெரிய மனிதர், மூன்று டேங்கர் லாரி வைத்திருப்பவர், பக்கத்துக் காலனிச் சங்கத்தின் தலைவர், தானாகவே முன்வந்து தினம் ஒரு டேங்கர் தண்ணீர் அனுப்பினார். அக்காவே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதே சமயத்தில் அவர் தெருவிலிருந்து ஒரு கறுப்பு நாய் கருத்தடைக்கு வந்திருந்தது. கரியா என்று பெயர். பிஸ்கட்டைக்கூட வாயால் பிடுங்காமல் காத்திருக்கும் நாய். அக்கா கூண்டுப் பக்கம் போனால் வாலோடு சேர்ந்து உடம்பும் ஆடும்.

ஒரு நாள் காலையில் ருத்ரமுனி வந்தார். நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"தண்ணி தினம் வருதா சிவலீலம்மா?"

"வருதுங்க. உங்களுக்குப் புண்ணியம்."

"புண்ணியமெல்லாம் இருக்கட்டும். அந்தக் கரியன் திரும்ப எங்க தெருவுக்கு வரக்கூடாது."

"யாரையாவது கடிச்சுதா?"

"கடிக்கல. நான் கார எடுத்தா குலைக்குது. ஊரே எனக்கு வணக்கம் வைக்குது, இது மட்டும் குலைக்குது."

"அதுக்காக வேற எங்கயும் விட முடியாதுங்க. பிடிச்ச எடத்துலதான் விடணும்."

"விடுங்க, தாராளமா விடுங்க. என் டிரைவருக்கு நாளைக்கு உடம்பு சரியில்லாமப் போனா அதுக்கு நான் பொறுப்பில்ல" என்று சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

டிரைவருக்கு மறுநாளே உடம்பு சரியில்லாமல் போனது. மூன்று நாள் டேங்கர் வரவில்லை. தாவணகெரே வெயில் தெரிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கழுதைகள் காய்ந்த தொட்டியை நக்கின. பால்குடி மறக்காத குட்டிகள் இரண்டு செத்தன. மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா காலி வாளியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"கரியாவை எங்கயாவது விட்டுட்டு வந்துரு."

"எங்கக்கா?"

"எனக்குச் சொல்லாத."

இடத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஊரின் மறு கோடியில் பொரி உலைகள் இருக்கின்றன. அங்கே விட்டால் சிந்திய பொரியாவது கிடைக்கும், பட்டினி கிடக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சோறு போடுகிற இடத்தில் அந்தச் சோற்றுக்கு ஏற்கெனவே ஆள் இருப்பார்கள் என்பது பதினொரு வருஷம் நாயோடு குப்பை கொட்டியவனுக்குத் தெரியாதா? தெரியும். கூண்டைத் திறந்தேன். கரியா இறங்கவில்லை. கழுத்தைப் பிடித்து இழுத்து இறக்கினேன். வண்டியைக் கிளப்பியதும் திருப்பம்வரை பின்னாலேயே ஓடிவந்தது. நான் வண்டியின் வேகத்தைக் கூட்டினேன்.

சாயங்காலம் டேங்கர் வந்தது. எல்லா நாயும் வயிறு முட்டக் குடித்தது. அக்கா நோட்டில் கரியாவின் பெயருக்கு நேரே, "பிடித்த இடத்திலேயே விடப்பட்டது" என்று எழுதினார். பதினொரு வருஷத்தில் அந்த நோட்டில் ஏறிய முதல் பொய் அது. நானும் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலையில் போன் வந்தது. அக்கா கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, பொரி உலையிலேர்ந்து பியாரிஜான் பேசுறேன். குதிரைவண்டி தஸ்தகீரோட வீட்டுக்காரி. இங்க ஒரு நாய யாரோ கொண்டாந்து தள்ளிட்டுப் போயிட்டாங்க. கடிபட்டுச் சாகக் கிடக்குதும்மா."

"எவன் பண்ணினான்?" வழக்கம்போல அக்கா வாயில் வந்துவிட்டது.

"அது தெரிஞ்சா உங்கள ஏன் கூப்பிடுறேன்? நானே விளக்குமாத்தால நாலு போட்டிருப்பேனே."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்திருக்க வேண்டும். "அங்கயாடா?" என்று மட்டும் கேட்டார். நான் வண்டிச் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

உமிக்குவியலின் ஓரத்தில் ஈரச்சாக்கு விரித்துக் கரியாவைப் படுக்க வைத்திருந்தார்கள். பின்னங்கால் சதை கிழிந்து தொங்கியது. கழுத்துப் புண்ணில் புழு வைத்திருந்தது. பியாரிஜான் பொரி சலிக்கிற வேலைக்காரி. முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு வந்தாள்.

"வந்த நாள்லேர்ந்து இங்க இருக்குற நாய்ங்க இதைத் தண்ணி குடிக்கக்கூட விடல. நாங்க வெரட்டுவோம், திரும்ப வரும். நேத்து பூரா கத்திச்சும்மா, கேக்க முடியல. காதப் பாருங்க, வெட்டு இருக்கு. உங்க வெட்டுத்தானே?"

"எங்களுதுதான்."

"அப்ப நோட்டுல இருக்குமில்ல, எந்தத் தெரு நாயின்னு. பிடிச்சா பாவியை விட்டுறாதீங்க. எங்க வீட்டுக்காரர நிக்க வச்சீங்களே, அந்த மாதிரி அவனையும் நிக்க வைங்க. குத்திக் காட்டலம்மா. நீங்க விடமாட்டீங்கன்னுதான் உங்களுக்குப் போன் பண்ணேன்."

அக்காவின் குரல் கேட்டதும் கரியா கண்ணைத் திறந்தது. தலையைத் தூக்க முடியவில்லை. வால் மட்டும் இரண்டு தரம் உமியில் தட்டியது.

"அட, வந்ததுலேர்ந்து யாருக்கும் வால் ஆட்டலையே இது" என்றாள் பியாரிஜான். அக்காவைப் பார்த்தாள். பிறகு எங்கள் வண்டியைப் பார்த்தாள்.

"நோட்டப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் அக்கா.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அக்காவுக்குக் குறுகுறுக்கவில்லை, சோறே இறங்கவில்லை. புழு எடுத்து, தையல் போட்டு, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு அந்தப் பகலும் மறு பகலும் கரியா பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். அது அவர் கையை நக்கும்போதெல்லாம் கையை இழுத்துக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "நூத்தி நாப்பது உசுருக்காக ஒண்ணு. கணக்குப் பாத்தா தப்பில்லக்கா" என்றேன்.

"எனக்கே கணக்கு சொல்லித் தர்றியாடா? அதப் போட்டுப் பாத்துத்தான் உன்னை அனுப்பினேன்" என்றார்.

மூன்றாம் நாள் விடியும்போது கரியா செத்துப்போனது. அக்கா முகம் கழுவிக்கொண்டு வந்து, "வண்டிய எடு, உலைக்குப் போகணும்" என்றார்.

"இனிமே எதுக்குக்கா? நாயே போயிருச்சு. யாருக்கும் தெரியப்போறதில்ல."

"உனக்குத் தெரியுமில்ல?"

போகிற வழியில் ருத்ரமுனிக்குப் போன் போட்டு, இனிமேல் டேங்கர் வேண்டாம் என்றார். அவர் ஏதோ நயமாகப் பேசினார். அக்கா பாதியிலேயே வைத்துவிட்டார். அன்றிலிருந்து மழை பிடிக்கும்வரை நான்தான் கால்வாயிலிருந்து டிரம்மில் தண்ணீர் கொண்டுவந்தேன். நாளுக்கு எட்டு நடை. இதை அந்த மூன்று நாளிலேயே செய்திருக்கலாம். கால்வாயில் தண்ணீர் ஓடுவது எனக்கு அப்போதே தெரியும். இடுப்பு ஒடியும் என்று வாயைத் திறக்காமல் இருந்தேன். இதுவரை அக்காவிடம் சொல்லவில்லை.

உலையில் தஸ்தகீர் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பியாரிஜான் சல்லடையைக் கீழே வைத்தாள். அக்கா உட்காரவில்லை. சுற்றி வளைக்கவும் இல்லை.

"அந்த நாய இங்க விட்டது வேற யாரும் இல்ல. நான்தான். தண்ணிக்கு ஆசைப்பட்டு விட்டேன். நோட்டுல பொய் எழுதினேன். அன்னைக்கு உன்கிட்டயும் பொய் சொன்னேன்."

உலைக்காரர்கள் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். தஸ்தகீர் தோளில் இருந்த மூட்டையை இறக்கிவைத்தார். இந்த ஒரு நாளுக்காக அவர் ஒரு வருஷம் காத்திருந்திருக்கலாம். நான்கு வார்த்தை கேட்டிருந்தாலும் தப்பில்லை. அவர் ஒரு காலிச் சாக்கை உதறிப் போட்டு, "உக்காருங்கம்மா, நிக்காதீங்க" என்றார். அக்கா உட்காரவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றாள் பியாரிஜான். "அதுதான் வாலாட்டிச் சொல்லிருச்சே."

"தெரிஞ்சுமா என்கிட்டயே குடுத்த?"

"வேற என்ன பண்றது? மருந்து உங்ககிட்டதானே இருக்கு." பிறகு, "இப்ப எப்படி இருக்கு? எதாச்சும் சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள்.

அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார். பியாரிஜானுக்குப் புரிந்துவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரும் யாரையும் தேற்றவில்லை.

"ஸ்டேஷன்ல நீ புகார் குடு. நான் மறுக்கமாட்டேன். வேணும்னா நானே எழுதித் தர்றேன்" என்றார் அக்கா கடைசியில்.

"எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. நீங்க எழுதினா அதுல என்ன எழுதியிருக்குன்னு நான் எப்படி நம்புறது?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஊரையே ஸ்டேஷனில் நிறுத்தியவர் அந்தச் சொல்லுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் வண்டிப் பக்கமே நின்றிருந்தேன். உலையில் டீ வந்தது. பியாரிஜான் ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"குடிங்க ஹாலேஷண்ணா. உங்க மேல என்ன தப்பு இருக்கு? சொன்ன எடத்துக்கு வண்டி ஓட்டுற ஆளு நீங்க."

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இடம் பார்த்தது நான், கழுத்தைப் பிடித்து இழுத்தது நான் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் கையை நீட்டி கிளாஸை வாங்கினேன். டீ முழுவதையும் குடித்தேன்.