பிகாஷ் ஏன் சிரித்தார்?

செவ்வாய்க்கிழமையிலிருந்து என் வலது கையை அடிக்கடி பார்த்துக்கொள்கிறேன். ஐந்து விரலும் இருக்கின்றன. இருந்தாலும் பார்க்கிறேன்...

சூளகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் எச்.ஆர். புதிதாகச் சேருபவர்களின் குணத்தை எடைபோட்டு ஃபார்ம் நிரப்புவது என் வேலை. ஒடிசாவிலிருந்து வந்த பிகாஷுக்கு – இரண்டு குழந்தைகளின் அப்பா – 'ஜாலி டைப், தைரியசாலி' என்று எழுதியிருந்தேன். இன்டர்வியூ முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாரே, வேறென்ன எழுத?

அன்று காலை சூப்பர்வைசர் வெங்கடேசன் கொதித்துப்போய் வந்தார். ராயக்கோட்டைக்காரர். அன்பைக்கூடச் சத்தம் போட்டுத்தான் காட்டுவார்.

"மேடம், அந்தாளுக்கு எவ்ளோ திமிரு பாருங்க! பிரஸ் மெஷினை ஓட்டாம நிக்கிறான். ஏன்னு கேட்டா இளிக்கிறான். திட்டினா இன்னும் இளிக்கிறான்!"

தகடுகளை அழுத்தி வளைக்கும் அந்த மெஷினிடம் போனேன். பிகாஷ் சிரித்தார்.

"மெஷின் ஓகேதானே?"

"ஓகே மேடம்." அதே சிரிப்பு.

பிறகென்ன? உள்ளே ஒரு தகடு கோணலாகக் கிடந்தது. கை போனால் சென்சார் மெஷினை நிறுத்திவிடும் என்று பயிற்சி வகுப்பில் பாடம் எடுப்பவளே நான்தானே! மேதாவி மாதிரி கையை நீட்டினேன்.

தோளைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். அதே நொடி பிரஸ் 'டம்' என்று இறங்கியது. யாரும் பட்டனைத் தொடவில்லை. தகடு அப்பளமாகிவிட்டது.

வெங்கடேசன் ஓடிப்போய் மெயினை அணைத்தார். என்னை இழுத்த பிகாஷின் கை வெடவெடவென்று நடுங்கியது. முகம் மட்டும் அப்போதும் சிரித்தது.

"காலைல ரெண்டு வாட்டி தானா விழுந்துச்சு மேடம். பயம்... ரொம்ப பயம்."

"அப்புறம் ஏங்க சிரிச்சீங்க?"

"பெரியவங்க திட்றப்ப மூஞ்சி சுளிக்கக் கூடாது. எங்க வீட்ல அப்படி. நீங்க 'ஓகேதானே'ன்னு கேட்டீங்க... இல்லன்னு எப்படிச் சொல்றது?"

வெங்கடேசன் கத்துவது கோபமில்லை என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. பிகாஷின் சிரிப்புக்கு நான் ஒதுக்கியது ஒரு பத்து நிமிட இன்டர்வியூ!

சீட்டுக்கு வந்து ஃபார்மில் 'ஜாலி டைப்'பைக் கோடு போட்டு அடித்தேன். மற்ற ஃபார்ம்களைப் புரட்டினால்... என் கையெழுத்திலேயே இன்னும் பதினோரு 'ஜாலி டைப்'. அதில் நாலு பேர் பிரஸ் லைனில்.

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன்.