சவுக்குக்கு ஏது பூ?

முதலில் வந்தது தும்மல். மாசி மாதம். கோவளத்தில் மீன் ஏலம் முடியும்வரை என் குட்டியானை லோடு வண்டியைச் சவுக்குத் தோப்பு நிழலில் நிறுத்திவிட்டு, பின்பக்கக் காலிப் பெட்டிகளின் மேல் வாயைப் பிளந்துகொண்டு தூங்குவது என் வழக்கம். அன்று எழுந்ததும் வரிசையாகப் பதினோரு தும்மல். கூட வரும் சேகர், "இன்னா மச்சான், நீயும் ஏலம் கூவிகினு கீறியா?" என்றான். ஐஸ் பெட்டியின் குளிர் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, மாடம்பாக்கத்தில் எங்கள் ஒற்றை அறை வீட்டில், மாலை நான்கு மணிக்கு விசில் சத்தம் கேட்டது. பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, "குக்கரே வெக்கலியேடா" என்று அடுப்பை எட்டிப் பார்த்தாள். விசில் என் நெஞ்சுக்குள் இருந்து வந்தது.

தாம்பரத்தில் ஒரு சின்ன கிளினிக். டாக்டர் மேடம் என்னை ஒரு குழாயில் ஊதச் சொன்னார். பலூன் ஊதுகிற என் திறமையெல்லாம் அங்கே செல்லவில்லை.

"வீசிங் (மூச்சுக்குழாய் சுருங்குவதால் வரும் விசில் சத்தம்) இருக்கு. ஆஸ்துமா ஆரம்பம். போலன் அலர்ஜி மாதிரி தெரியுது."

"போலன்னா இன்னா மேடம்?"

"மகரந்தம். பூவுல இருக்கிற தூள்."

எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் மகரந்தம் என்ற பாடத்தில் இருந்த வண்டுக்கு மீசை வரைந்தவன் நான். அதோடு எனக்கும் அந்தப் பாடத்துக்கும் உறவு முடிந்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா தலையில் கைவைத்திருந்தாள். மல்லிச்சரத்தை உருவி, கிளினிக் குப்பைக் கூடையில் போட்டாள். அன்றிலிருந்து அவள் பூ வைக்கவில்லை. வீட்டில் பூக்கட்டவும் இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில் அவள் போட்டிருக்கும் பூக்கடைதான் அப்பா போன பிறகு எங்களைக் காப்பாற்றியது. "சித்திரை பொறந்ததும் கடைய பக்கத்துக் கடை அக்கா கைல குட்த்துட்றேன். எனக்கு நீ வேணுண்டா" என்றாள். கேலி பேச வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதில் இருமல்தான் வந்தது.

இதைப் படிக்கிற உங்களுக்கும் இழுப்பு இருந்தால் ஒன்று சொல்கிறேன். இன்ஹேலரை (மருந்தை நேராக மூச்சுக்குழாய்க்கு அனுப்பும் கருவி) "பம்பு அடிச்சா பழகிடும்" என்று பயமுறுத்துவார்கள். நானும் நம்பி, ஒரு வாரம் அதை வண்டி சீட்டுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அந்த வாரம் மாடிப்படி ஏழு ஏறுவதற்கு இரண்டு முறை உட்கார்ந்தேன். என்னைப்போல் செய்யாதீர்கள்.

போனில் மகரந்த அளவைச் சொல்லும் ஆப் ஒன்றை இறக்கினேன். "இன்று குறைவு" என்று பச்சை வட்டம் காட்டியது. நான் இன்ஹேலரை இழுத்துக்கொண்டே பார்த்தேன். மறுநாளும் பச்சை, எனக்கு மறுநாளும் விசில். தலையில் ஒரு பூகூட இல்லாத வீட்டில் விசில் எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது.

பதில் ஒரு திருவிழாவில் கிடைத்தது. கோவளத்துப் பக்கத்துக் குப்பத்தில் அம்மன் கோயில் விழா, மூன்று நாள் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. எனக்கும் சவாரி இல்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் அம்மா கடையில் போய் உட்கார்ந்தேன். மல்லிக் கூடைக்குள் முகத்தைப் புதைத்தேன்.

"சாவறதுக்கு வேற எடம் கெடைக்கலியா ஒனக்கு? எட்டப் போடா!" என்று தண்ணீர் தெளிக்கும் துணியால் முதுகில் போட்டாள்.

"இரும்மா, செக் பண்ணிகினு கீறேன்."

மூன்று நாளும் மல்லி, ரோஜா, சாமந்தி. மூன்று நாளும் விசில் இல்லை.

நான்காம் நாள் கோவளம் போனேன். ஏலம் முடிந்து வந்தால், வண்டிக் கண்ணாடியில் மஞ்சள் தூள். தினமும் கடல் மணல் என்று திட்டிக்கொண்டே துடைத்த அதே தூள். இந்த முறை துடைக்காமல், செல்லோடேப்பை ஒட்டி எடுத்தேன். அன்று மாலை நான்கு மணிக்குக் குக்கர் வந்துவிட்டது.

டேப்பைக் கொண்டுபோய் மேஜையில் வைத்ததும் மேடம் சிரித்தார். பிறகு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "வண்டியை எங்க நிறுத்துவீங்க?" என்று கேட்டார். சில நாள் தும்மல் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, தோல் பரிசோதனை (கையில் சொட்டு வைத்து லேசாகக் குத்திப் பார்ப்பது) செய்தார். வரிசையாகப் பல சொட்டுகள். ஒன்று மட்டும் கொசு கடித்ததுபோல் வீங்கியது.

"சவுக்கு" என்றார்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "சவுக்குக்கு ஏது மேடம் பூ? இருந்தா நான் கட்டி வித்திருக்க மாட்டேனா?"

"இருக்கும்மா, நுனியில துரு மாதிரி. மல்லித் தூள் பிசுபிசுன்னு இருக்கும், பூச்சி வந்து எடுத்துட்டுப் போகணும். அதுக்குத்தான் வாசனையெல்லாம். சவுக்குக்குக் காத்தே போதும், அதனால அது யாருக்காகவும் அலங்காரம் பண்ணிக்கிறதில்ல."

"அப்போ ஆப்பு ஏன் பச்சையாவே கீது?" என்று கேட்டேன்.

"அது ஊருக்கே சேர்த்துப் போடுற கணக்கு தம்பி. நீங்க தூங்குற மரம் அதுக்குத் தெரியாது."

"சாயங்காலம் ஏன் மேடம் இழுக்குது?"

"காலைல மூக்குல போனதுக்கு நெஞ்சு மெதுவாத்தான் பதில் சொல்லும்."

ஆக, கொலைகாரனின் மடியில் வாய் பிளந்து தூங்கிவிட்டு, அம்மாவின் மல்லியைச் சந்தேகப்பட்டிருக்கிறோம்.

இப்போது என் ஆப் வண்டிக் கண்ணாடிதான். காய்ந்த நாளில் காற்றும் இருந்தால் தோப்பை விட்டு மணல்வெளியில் நிறுத்தி, முகக்கவசம் போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறேன். மழை பெய்த மறுநாள் கண்ணாடியில் ஒட்டி எடுக்கும் டேப் சுத்தமாக வருகிறது. எப்படி இருந்தாலும் காலை மருந்தை விடுவதில்லை. முழுசாகக் குணமா என்றால் இல்லை. காலையில் என்ன செய்தேன் என்று மாலை நான்கு மணி கேட்கும் என்பது மட்டும் தெரிகிறது. மூச்சு என்று ஒன்று ஓடிக்கொண்டிருப்பதே முன்பு எனக்குத் தெரியாது. இப்போது மாடம்பாக்கத்தில் கடல் காற்று ஏறுவதை, வாசல் திரை ஆடுவதற்கு முன்பே என் மூக்கு சொல்லிவிடுகிறது.

ஒருநாள் சவுக்கு நுனி ஒன்றைப் பிளாஸ்டிக் கவரில் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் அம்மாவிடம் காட்டினேன். கவரோடு திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இத்தயா பூவுன்றாங்க? ஒரு மொழம் சும்மா குட்த்தாலும் எவளும் வெக்க மாட்டா."

சித்திரை பிறந்த அன்று, இடத்தைக் கேட்டு வந்த பக்கத்துக் கடை அக்காவுக்கு அம்மா டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாள். பிறகு மல்லிப் பந்திலிருந்து கொஞ்சம் அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள். தும்முவேனா என்று காத்திருந்தாள்.

பொய்யாக ஒரு தும்மல் போட்டுப் பயமுறுத்தலாமா என்று ஒரு நொடி தோன்றியது. போடவில்லை. மூச்சை நன்றாக இழுத்தேன். மல்லி, அடிவரைக்கும் போனது.