மூன்று வார டெஸ்ட்டும் பத்து நிமிட ப்ரூஃபும்

இன்று காலை கோலா சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் இருந்தேன். பழக்குலைகளை ஆவியில் வேகவைக்கும் கலனுக்கு எங்கள் புதிய மென்பொருளைப் போட வேண்டும். உள்ளே அழுத்தம் பூஜ்யமானால்தான் அது கதவைத் திறக்க விடும்.

ஆலைப் பொறியாளர் செல்வம் அண்ணன் அவசரப்பட்டார். வெளியே பழ லோரிகள் வரிசையாக நின்றன.

"மூணு வாரம் டெஸ்ட் பண்ணியாச்சு, ஒரு தடவகூட சிக்கல் வரல. லோட் பண்ணும்மா."

"ப்ரூஃப் இன்னும் முடியலண்ணே. கொஞ்சம் பொறுங்க லா."

டெஸ்ட் நடந்ததை மட்டும்தான் காட்டும். எப்படியெல்லாம் நடக்கலாமோ அத்தனையையும் கணித முறையில் சரிபார்ப்பது ப்ரூஃப். பத்து நிமிடத்தில் அது பிழை என்று சிவப்பில் நின்றது. மென்பொருளின் ஒரு பகுதி அழுத்த அளவைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு பகுதி அந்த அளவு இருக்கும் நினைவகத்தையே காலிசெய்துவிடுகிறது.

"அதெல்லாம் பேப்பர்லதான் நடக்கும்," என்றார் அவர்.

அதை என் லேப்டாப்பிலேயே நடத்திக் காட்டினேன். கலனில் மூன்று பார் அழுத்தம் இருப்பதாகக் கொடுத்திருந்தேன். திரை பூஜ்யம் என்றது. அடுத்த வரியில், கதவைத் திறக்கலாம் என்றது.

செல்வம் அண்ணன் கண்ணாடி வழியே நிஜக் கலனைப் பார்த்தார். அதன் கதவருகே இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

ஆலை பழைய மென்பொருளிலேயே ஓடியது. மதியத்துக்குள் பிழையைத் திருத்திவிட்டேன், நான்கே வரி. லோட் செய்யப் போனபோது அவர் குறுக்கே வந்து நின்றார்.

"ப்ரூஃப் மறுபடி ஓட்டினியாம்மா?"

ஓட்டவில்லை.

சொந்தப் பேச்சிலேயே மாட்டிக்கொண்டவர்கள் வேறு யாராவது இருக்கிறீர்களா?