ஜிபெக் வெட்டிய கம்மல்

கோச்கோர் சாலையோரம் குதிரைப்பால் விற்கும் ஜிபெக்கை அந்தப் பக்கம் லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அவள் பயந்த சுபாவமும் தெரியும். புளித்த பாலைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குடிக்கிறவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவன் புருவம் கொஞ்சம் சுருங்கினால் போதும், "ஏன்யா, ரொம்பப் புளிச்சிருச்சா?" என்று இன்னொரு கிண்ணம் சும்மா ஊற்றிவிடுவாள். புருஷன் ரஷ்யாவில் கட்டட வேலை பார்க்கிறான். வீட்டுக்காகக் கவலைப்படுகிற வேலையை அவளே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பார்த்தாள். பயந்தாங்கொள்ளி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர்கள் யாரும் அன்றைக்கு அந்த மைதானத்தில் இல்லை.

ஒரே மகள் எல்னுரா. பத்தொன்பது வயது. பட்டிக்குப் பக்கத்தில் பையன்கள் உதைத்த பந்தைப் பாய்ந்து பிடித்துப் பிடித்தே கோல்கீப்பர் ஆனவள். அந்தக் கோடையில் தலைநகர் பிஷ்கெக்கில் நாலைந்து நாட்டு இளம்பெண்கள் அணிகள் மோதும் கால்பந்துப் போட்டி நடந்தது. நம் நாட்டு அணியில் கோல் காக்க அவளைத்தான் எடுத்திருந்தார்கள்.

வசந்த காலத்திலேயே உருமகான் தன் மகன் தலான்டுக்காக வந்து எல்னுராவின் காதில் வெள்ளிக் கம்மல் போட்டுவிட்டுப் போயிருந்தாள். கம்மல் ஏறிவிட்டால் பெண் பேசி முடிந்தது. ஜிபெக் கிடா வெட்டி உறவுக்கெல்லாம் விருந்து வைத்தாள். தலான்ட் நல்ல பையன். அவனும் எல்னுராவும் போனில் சிரித்துப் பேசுவது ஜிபெக்கின் காதில் விழுந்திருக்கிறது. ஆனால் உனக்குச் சம்மதமா என்று எல்னுராவிடம் ஒருவரும் வாய்திறந்து கேட்கவில்லை.

போட்ட கம்மலைப் பெண்வீடு கழற்றினால் சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். தொலைத்தாலோ அதைவிடக் கேவலம். பாய்ந்து விழுகிற பெண்ணாயிற்றே, கம்மல் எங்காவது புல்லில் விழுந்து போய்விடுமே என்று ஜிபெக்குக்குத் தூக்கம் வரவில்லை. ஒருநாள் மகளைப் பிடித்து உட்காரவைத்து, இரண்டு கொக்கிகளையும் கட்டிங் பிளேயரால் நெருக்கி மூடிவிட்டாள். இனி இழுத்தாலும் வராது. உள்ளூர் ஆட்டங்களில் அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டால் நடுவர்கள் கண்டுகொள்வதில்லை. அதனால் அவள் நிம்மதியாக இருந்தாள்.

முதல் ஆட்டம் உஸ்பெக் பெண்களோடு. ஜிபெக்கும் உருமகானும் முன்வரிசையில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். உருமகான் பொரித்த மாவுருண்டைகளைத் துணியில் முடிந்து மடியில் வைத்திருந்தாள். வீராங்கனைகளை வரிசையாக நிறுத்தி நடுவர் சோதித்துக்கொண்டிருந்தார். திடீரென்று எல்னுரா வரிசையைவிட்டு கம்பித் தடுப்பை நோக்கி ஓடிவந்தாள்.

"அம்மா, இதக் கழட்டணும். இல்லன்னா இறங்க விடமாட்டேங்கிறாங்க."

"பிளாஸ்திரி ஒட்டிக்கோயேன்டி."

"ஒட்டினாலும் கூடாதாம். கோச்சக்கா முன்னாடியே கழட்டச் சொன்னாங்க. நான்தான் ஹேர்பேண்டுக்குள்ள மறச்சு வச்சிருந்தேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ தூங்கியிருப்பியா?"

பின்னாலேயே பயிற்சியாளர் வந்துவிட்டாள். "சீக்கிரம் ஏதாவது பண்ணுங்கக்கா. இன்னொரு கீப்பருக்கு விரல் வீங்கிக் கிடக்கு. இவள விட்டா எனக்கு ஆளில்ல."

ஜிபெக் சம்பந்தியின் பக்கம் திரும்பினாள். "நீங்க போட்டதுதானே சம்பந்தி. நீங்களே ஒரு கை..."

"நான் எடுத்தா என் மகனுக்கு இந்தப் பொண்ணு வேணாம்னு ஆயிடும். அதச் சொல்லச் சொல்றீங்களா?"

"ஐயோ, இல்ல."

"அப்ப எங்கிட்ட கேக்காதீங்க. ஒரு பந்துக்காகக் கழட்டுற சம்பந்தம்னா, அத நீங்களே கழட்டுங்க."

எல்னுரா உதட்டைக் கடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். சின்ன வயதில் பையன்கள் ஆட்டத்தில் சேர்க்காமல் விரட்டியபோது வாசலில் வந்து நின்றாளே, அதே பார்வை. ஜிபெக் எழுந்தாள். தடுப்பருகே நின்றிருந்த அணியின் பேருந்து ஓட்டுநரிடம் கட்டிங் பிளேயர் இருக்கிறதா என்று கேட்டாள்.

"இருக்கு. ஆனா வெட்டுறதுக்குன்னா தர்றேன், சம்பந்திங்க அடிச்சிக்கிறதுக்குன்னா தரமாட்டேன்," என்றான் அவன். ஓடிப்போய் எடுத்தும் வந்தான்.

ஜிபெக் அதை வாங்கினாள். எல்னுரா தலையைக் கம்பியின்மேல் சாய்த்தாள். "காத விட்டுட்டுக் கம்மல மட்டும் வெட்டும்மா." ஒரு பக்கம் டக்கென்று வெட்டுப்பட்டது. இன்னொரு பக்கம் வழுக்கி, பிறகு வெட்டுப்பட்டது. உடைந்த வெள்ளியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு எல்னுரா ஓடினாள்.

அதன்பிறகு நடந்த ஆட்டத்தை ஜிபெக் பார்த்தாள் என்று சொல்ல முடியாது. கண் மைதானத்தில் இருந்தது, காது சம்பந்தியிடம் இருந்தது. உருமகான் துணி முடிச்சைக்கூட அவிழ்க்கவில்லை. உஸ்பெக் பெண்கள் ஒரு கோல் போட்டார்கள். அது கம்மலை வெட்டிய தன் கையால் விழுந்த கோல் என்று ஜிபெக்குக்குத் தோன்றியது. நம் பெண்கள் ஒன்றைத் திருப்பிப் போட்டபோது சுற்றி இருந்தவர்கள் எழுந்து கத்தினார்கள். இவர்கள் இருவர் மட்டும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் உஸ்பெக் பெண் ஒருத்தி தனியாகப் பந்தோடு வந்தாள். எல்னுரா முன்னால் ஓடி அவள் காலடியில் விழுந்தாள். பந்து இவள் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணின் பூட்ஸ் இவள் காதை உரசிக்கொண்டு போனது. எல்னுரா காதைப் பொத்திக்கொண்டு எழுந்து, பந்தை உதைத்து அனுப்பினாள்.

உருமகானின் கை எப்போது நீண்டு தன் முழங்காலைப் பிடித்தது என்று ஜிபெக்குக்குத் தெரியவில்லை. "அது இருந்திருந்தா காதே பிஞ்சிருக்கும்," என்றாள் உருமகான், மைதானத்தைப் பார்த்துக்கொண்டே.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்தது. எல்னுரா முகமெல்லாம் புல்லும் மண்ணுமாகத் தடுப்பருகே வந்தாள். ஜிபெக் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "தட்டான்கிட்ட ஒட்டவச்சிரலாம் சம்பந்தி. நீங்களே மறுபடி போட்டு விடுங்க."

"உடைஞ்சத நான் வாங்கமாட்டேன்," என்றாள் உருமகான். பிறகு பெண்ணைப் பார்த்தாள். "போன தடவ உன்னக் கேக்காம போட்டுட்டேன். இப்பக் கேக்கறேன். புதுசு செஞ்சு போடவா?"

ஜிபெக், சரி என்று சொல்லுடி என்று கண்ணால் கெஞ்சினாள். எல்னுரா ஒரு கையுறையை உருவிக்கொண்டே யோசித்தாள்.

"இன்னும் ஆட்டம் பாக்கி இருக்கு அத்தை. எல்லாம் முடியட்டும். நானே உங்க வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"வந்துதான் சொல்லுவேன்."

உருமகான் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கோபமா சிரிப்பா என்று தெரியாத முகம். துணி முடிச்சை அவிழ்த்து ஓர் உருண்டையை எடுத்து எல்னுராவின் வாயில் திணித்தாள். "மொதல்ல தின்னு. பேயடிச்ச மாதிரி இருக்க."

ஊருக்குத் திரும்பும் சிற்றுந்தில் சம்பந்திகள் இரண்டு பேரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். மலைப்பாதை தொடங்கியதும் உருமகான் ஜிபெக்கின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இது சம்பந்தியின் தலைதானா, இல்லை வெறும் பக்கத்து இருக்கைக்காரியின் தலையா? எழுப்பிக் கேட்கப் பயம். தோளை அசைக்கவும் பயம். கை மரத்துப்போனது. ஜிபெக் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.