மனெ என்றால் வீடு

அப்பா இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரைப் "பூங்கா பங்களா வாட்ச்மேன்" என்றுதான் அறிவீர்கள். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு என்பது மூத்த மகளான எனக்குத் தெரியும்.

கல்லாவிப் பக்கம் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர், வேலை தேடி ஓசூருக்கு வந்தார். தேன்கனிக்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போனபோது, அம்மாவின் தந்தை கன்னடத்தில் "நமகெ இரோது ஒந்தே மனெ" என்றாராம். எங்களுக்கு இருப்பது ஒரே வீடு என்று பொருள். அப்பாவோ அதைத் தமிழ் 'மனை' என்று எடுத்துக்கொண்டு, பெண்ணோடு ஒரு காலி மனையும் தரப்போகிறார்கள் என்று பூரித்துவிட்டார். இதைச் சொல்லி அம்மா கேலி செய்யாத பண்டிகை கிடையாது.

பூங்காவுக்குள் இருக்கும் அந்தப் பழைய வீட்டை, அதன் சொந்தக்காரர் தோட்டத்தோடு ஊருக்கே எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா காவலுக்குச் சேர்ந்தபோது அது ரேஷன் கடை. பிறகு தையல் வகுப்பு நடந்தது. நான் தைக்கக் கற்றதும் அங்கேதான், இன்று கம்பெனியில் சூப்பர்வைசராக இருப்பதும் அதனால்தான். அப்புறம் தடுப்பூசி முகாம். கடைசியில் மண்வெட்டியும் தண்ணீர்க் குழாயும் போட்டு வைக்கும் அறையாகிவிட்டது.

ஒருநாள் நகராட்சியார் அதன் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். தானப் பத்திரத்தில் தோட்டமும் மனையும்தான் உள்ளன, கட்டடம் அனுமதியின்றி எழுந்தது, இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கப்படும் என்றிருந்தது. மூலப் பத்திரம் கன்னடத்தில் எழுதப்பட்டது என்பது அப்பாவுக்குத் தெரியும். நோட்டீஸைப் படித்ததுமே தவறு எங்கே என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"காண்ட்ராக்ட் வேலைங்க. வாயத் தொறந்தா நிறுத்திருவாங்க. சும்மா இருங்க," என்று அம்மா அழுதார். அப்பா கேட்கவில்லை. நான்கு நாள் அலுவலக வாசலில் நின்று அதிகாரியைப் பார்த்தார்.

"சார், மனென்னா கன்னடத்துல வீடுங்க. காலி எடம் இல்லீங்க."

"நீங்க கன்னடம் படிச்சவரா?"

"இல்லீங்க சார். ஏமாந்தவன்."

கதையைக் கேட்ட அதிகாரி சிரித்துவிட்டார். மூலப் பத்திரத்தை வரவழைத்து, ஒரு கன்னட ஆசிரியையைக் கொண்டு படிக்கச் செய்தார். தோட்டமும் வீடும் என்றே இருந்தது. வீடு தப்பியது. அப்பாவின் வேலை தப்பவில்லை; ஒப்பந்தக்காரர் அடுத்த மாதமே வேறு ஆளைப் போட்டுக்கொண்டார். நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. அவருக்கு வரவில்லை.

அங்கே படிப்பகம் திறந்தபோது அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். செய்தியைச் சொன்னேன். அந்தச் சிவப்புக் காவித் தரையைத் தினமும் துடைத்தவரல்லவா, "செருப்ப வெளிய உட்டுட்டுப் போறாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். போய்ப் பார்க்காமலே "ஆமாப்பா" என்றேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன பொய் அது.

பத்திரத்தைப் படித்துக் காட்டிய ஆசிரியைக்கும், ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிய பக்கத்து வீட்டாருக்கும், இறுதிவரை உடனிருந்த உறவினர் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, படிப்பகத்துக்குப் போனேன். படிக்குக் கீழே இருபது முப்பது ஜோடி செருப்புகள் கிடந்தன. அவற்றுக்குரியவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் எங்கள் நன்றி.