சோதித்த தோட்டத்துத் தக்காளி

கண்ணுகளா, "உங்கப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று யாராவது கேட்டால் 'கம்பெனி' என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறீர்களாம். உங்கள் அம்மா சொன்னாள். தப்பில்லை. ஆனால் நான் எதை அள்ளுகிறேன், அது ஒருத்தரை என்ன பாடு படுத்தியது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வேறு யாராவது சிரித்துக்கொண்டே சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

ஓசூர்ச் சாக்கடையும் கம்பெனித் தண்ணீரும் சேர்ந்து எங்கள் சுத்திகரிப்பு பிளான்ட்டுக்கு வரும். தண்ணீரைத் தெளியவைத்த பிறகு அடியில் தங்குகிற கறுப்புச் சேற்றைக் காயவைத்துக் குவித்து வைப்போம். ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் டிராக்டர் கொண்டுவந்து சும்மா அள்ளிப் போவார்கள். பிளான்ட் எரு என்று பேர். தக்காளி அதில் கொழுகொழுவென்று வரும். பொய் சொல்லக் கூடாது.

அந்தச் சேற்றில் மக்காத ரசாயனம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. ஒட்டாத சட்டியின் பூச்சு, மழைத்தண்ணீர் நனைக்காத துணி, தீயணைக்கிற நுரை, இதிலெல்லாம் இருப்பது அது. வெயிலில் கெடாது, மண்ணில் மக்காது, எங்கள் தொட்டியில் இருக்கிற எந்தக் கிருமியும் அதைத் தின்னாது. மாதிரி எடுக்கிறவன் மேலிருந்தேகூட பாட்டிலில் விழுந்துவிடுமாம். அதனால் ரெயின்கோட் கூடாது, புதுச் சட்டை கூடாது, முகத்துக்கு கிரீம் கூடாது. துவைத்துத் துவைத்து வெளுத்த பருத்திச் சட்டையோடு போய் நின்றேன். சூப்பர்வைசர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்னப்பா, பீ அள்ளுறதுக்கு இம்புட்டு மடி ஆசாரமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் இன்னும் சொல்வார்.

பிளான்ட்டில் எடுத்தது போதாது, எரு போட்ட தோட்டத்திலும் எடுக்கணும் என்றார்கள். ஜீப்பில் ஒவ்வொரு தோட்டமாகப் போனோம். ஒருத்தர் நாயை அவிழ்த்துவிட்டார். இன்னொருத்தர், "என் மண்ணுல கை வச்சா கை இருக்காது" என்றார். ஒரே ஒரு பெண் மட்டும் வரப்பில் நின்று, "வாங்கண்ணா" என்றாள். உங்கள் அம்மாவைவிடச் சின்னவள். குத்தகை நிலம். அவள் புருஷனுக்குப் போச்சம்பள்ளியில் கான்ட்ராக்ட் வேலை. மிச்சமிருந்த எருக் குவியல் மேல் அவளுடைய குழந்தை ஏறிச் சறுக்கி விளையாடிக்கொண்டிருந்தது.

"என் பொண்ணு பொழுதன்னைக்கும் இது மேலதான் கெடக்குது. உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சா போதும்ணா. எங்க பேரு வெளிய வராதில்ல?"

"வராதும்மா. நம்பர்தான் போடுவோம்."

குவியலில் அங்கங்கே கொஞ்சம் எடுத்து, ஸ்டீல் வாளியில் கலந்து, பாட்டிலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து பெங்களூர் லேபுக்கு அனுப்பினோம்.

இருக்கிறது என்று வந்தது.

"எவ்வளவு இருந்தா கெடுதல் சார்?" என்று இன்ஜினியரைக் கேட்டேன்.

"எருவுக்கு இங்க இன்னும் அளவே வைக்கலைப்பா. இருக்குதுன்னு தெரியும், அவ்வளவுதான்."

தக்காளியை யாரும் சோதிக்கவில்லை. இதை மட்டும் நன்றாகக் கவனியுங்கள்.

ரிசல்ட் எப்படியோ ஊருக்குள் பரவிவிட்டது. பேர் வெளியே வரவில்லைதான். வர வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் ஆட்கள் இறங்கி மாதிரி அள்ளிய தோட்டம் அது ஒன்றுதான். ஊரே பார்த்திருந்தது.

நேரில் சொல்லிவிடலாம் என்று அவளைத் தேடிப் போனேன். ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றிப் போயிருந்தாள். அங்கேயே போனேன். கிரேட்டெல்லாம் இறக்காமல் டெம்போவிலேயே இருந்தது. மண்டிக்காரர் ஒரு காயைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கெமிக்கல் தக்காளிய எடுத்துக்கிட்டு இங்க வராதம்மா."

"எருவத்தான் பாத்தாங்கண்ணா. தக்காளிய யாரும் பாக்கலயே..."

"எரு எங்க போவுது? உன் புருசன் வாயிக்கா போவுது? வேருக்குத்தான போவுது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நாயை அவிழ்த்துவிட்டாரே, அவர் இவளுடைய பக்கத்துத் தோட்டக்காரர். அவருடைய கிரேட்டுகள் ஏலத்தில் போய்க்கொண்டிருந்தன. அவர் கையைத் தூக்கிக் கத்தினார்.

"எங்களுது சுத்தம் சாமி! டெஸ்டே பண்ணல!"

மார்க்கெட்டே சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. "இவருக்கும் பிளான்ட்ல அதே குவியல்லருந்துதாங்க எரு போச்சு. நானே டிராக்டர்ல ஏத்திவிட்டேன்" என்றேன்.

மண்டிக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப மொத்த மார்க்கெட்டையும் மூடிடலாமா? எவனும் தக்காளி திங்க வேணாமா? யோவ் சாக்கடை, போய்யா."

பக்கத்துத் தோட்டக்காரர் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "ஆளக் கூட்டியாந்து எங்க பொழப்புலயும் மண்ணள்ளிப் போடறியா?" என்றார். அப்புறம் தெலுங்கில் ஒன்று சொன்னார். அது உங்களுக்கு வேண்டாம்.

லோடோடு திரும்பும்போது டெம்போ டிரைவர் பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டார். இந்த லோடோடு ஊருக்குள் போனால் நாளைக்கு வேறு யாரும் அவரைக் கூப்பிட மாட்டார்களாம். பின்னால் பைக்கில் வந்த நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். ஒவ்வொரு கிரேட்டாக அவளே தூக்கி ரோட்டோரப் பள்ளத்தில் கவிழ்த்தாள். அடிபடாத, நல்ல சிவப்புப் பழம். பைக்கில் போன ஒருத்தன் வேகத்தைக் குறைத்து, "அக்கா, மாட்டுக்கும் விஷம் வைக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

காலிக் கிரேட்டுகளை அடுக்கி முடித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அந்த எருக் குமிச்சல்ல என்னதாண்ணா இருக்குதாம்?"

சொன்னேன். "புள்ளைய அது மேல விடாதம்மா."

"சரி" என்றாள். "இனிமே எங்க தோட்டத்துப் பக்கம் வராதீங்க."

மறுநாள் காலையில் பிளான்ட்டுக்கு எரு அள்ள வந்த முதல் டிராக்டர் அந்தப் பக்கத்துத் தோட்டக்காரருடையது. சூப்பர்வைசர் என் தோளைத் தட்டினார். "பாத்தியா, இனி எவனும் டெஸ்ட்டுக்கு விடமாட்டான். நமக்கு வேலை மிச்சம். ஏத்திவிடு." ஏற்றிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வராமல் பைக்கை அந்தப் பள்ளத்துக்கு விட்டேன். ஆள் யாரும் இல்லை. மேலே கிடந்தவை வெயிலில் சுருங்கியிருந்தன. கையை உள்ளே விட்டு, கெடாத பழமாக ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்தேன். நின்றபடியே முழுசாகத் தின்றேன். நல்ல தக்காளி. என் பையில் இடம் இருந்தது. உங்களுக்கு ஒன்றுகூட எடுத்து வரவில்லை.