போல்ட்டுக்கு மாவுக்கட்டு

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு போல்ட்டுக்கு மாவுக்கட்டு போட்டோம். சிரிக்காதீர்கள். போட்டது என் கணவர். தலையாட்டியது நான்.

மாடிப்படியில் விழுந்து என் கால் முறிந்தது உங்களுக்குத் தெரியும் – படுத்தபடியே இதே பக்கத்தில் சில வாரம் புலம்பியிருக்கிறேன். கட்டைப் பிரித்தாயிற்று. ஆனால் முழங்கால் இன்னும் முழுசாக மடங்கவில்லை. பஸ் படி ஏற முடியாது. நான் பாடம் நடத்தும் நர்சரி ஸ்கூலோ ஊர் தாண்டி, கருவேப்பிலங்குறிச்சியில். தினமும் ஆட்டோ வைத்தால் சம்பளம் அதற்கே போய்விடும்.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை போன் செய்தார். குரலில் அப்படியொரு கனிவு!

“நல்லா ரெஸ்ட் எடுங்க டீச்சர். ஒண்ணும் அவசரம் இல்லீங்க. உங்க கிளாஸுக்கு வேற ஒரு பொண்ணு வருது. அதையே வெச்சிக்கிறோம்.”

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? “திங்கட்கிழமை வந்துடுறேங்க” என்று சொல்லிப் போனை வைத்தேன். எப்படிப் போவது என்று அப்புறம்தான் யோசித்தேன்.

இருப்பது கணவரின் பைக். ஒருபக்கமாக உட்கார்ந்தால் கால் அந்தரத்தில் தொங்கும். தெருமுனை தாண்டுவதற்குள் வலி உயிர் போகும். கால் வைத்துக்கொள்ள ஒரு லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் மாட்டினால் போதும். வாங்கி வந்தார். “இதுக்குப் போயி மெக்கானிக்கா? நானே மாட்டிடுறேன்” என்றார்.

போல்ட்டை முதலில் கையால் நாலு சுற்று திருகிவிட்டு, அப்புறம்தான் ஸ்பேனர் போட வேண்டும். இவர் எடுத்த எடுப்பில் ஸ்பேனர்! போல்ட் கோணலாக ஏறியது. இறுகுகிறது என்று நினைத்து இன்னும் அழுத்தினார். சடக்கென்று ஒரு சத்தம்... போல்ட் சும்மாவே சுற்ற ஆரம்பித்தது. வண்டிச் சட்டத்தில் இருக்கும் துளைக்குள் போல்ட்டைப் பிடிக்கும் மரை நசுங்கிவிட்டது. போல்ட் என்றால் கடையில் வேறு கிடைக்கும். சட்டத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் தெருவுக்குத் தெரு பீங்கான் வேலை நடக்கும் எங்கள் ஊர்ப் புத்தி வேலை செய்தது. என் கணவர் பீங்கான் பொம்மை யூனிட்டில் அச்சு செய்கிறவர். பொழுதுக்கும் கை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில். எங்கள் வீட்டில் ஆணி ஆடினால் பிளாஸ்டர், கதவுக் கீல் ஆடினாலும் பிளாஸ்டர்.

“உன் எலும்பையே மாவுக்கட்டு புடிச்சி நிறுத்திச்சி. இந்த போல்ட்ட நிறுத்தாதா?” என்றார்.

அந்த நேரத்தில் எனக்கும் அது நியாயமாகவே பட்டது, என்ன செய்ய! பிளாஸ்டர் மாவைக் குழைத்துத் துளையில் நிரப்பினார். போல்ட்டுக்கு சோப்புத் தண்ணீர் தடவிச் செருகினார் – அச்சில் பொம்மை ஒட்டாமல் வர என்னென்ன செய்வாரோ எல்லாம் செய்தார். ஞாயிறு காலை ஆட்டிப் பார்த்தோம். அசையவே இல்லை.

நான் கால் வைத்து ஏறினேன். நறுக்கென்று ஒரு சத்தம். வெள்ளைப் பொடி கொட்டியது. ஃபுட்ரெஸ்ட் தரையில், நான் அவர் தோளில். நல்லவேளை, எனக்கு இன்னொரு கட்டு தேவைப்படவில்லை.

“வுடும்மா. அடுத்த மாசம் போவலாம்” என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! “அடுத்த மாசம் அந்த வேல இருக்காதுங்க. நாளைக்கு நான் போறேன். நீங்க மரையப் பாருங்க.”

பக்கத்துத் தெரு லேத்துப் பட்டறைக்காரரைக் கூப்பிட்டோம். அவர் மங்களூரில் மச்சான் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார் – நம்ம திட்டக்குடிப் பக்கத்து மங்களூர்தான். போகிற வழியில் வந்து, துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

“வாயிலதான் நசுங்கியிருக்குது. உள்ள மரை நல்லா இருக்குதுங்க” என்று, மரை வெட்டும் டேப் ஒன்றைக் கணவர் கையில் கொடுத்தார். “எண்ணெ வுட்டுக்குங்க. அரை சுத்து முன்ன போனா, கொஞ்சம் பின்ன வாங்க. அவசரப்பட்டு முறுக்கினா உள்ளயே ஒடஞ்சிக்கும். அப்புறம் எடுக்கறது பெரும்பாடு. போயிட்டு வரேன்.”

ஊசியால் மாவைச் சுரண்டி எடுத்தோம். கணவர் டேப்பைத் திருக, நான் நாற்காலியில் உட்கார்ந்து டார்ச் பிடித்தேன். கொஞ்சம் ஏறியதுமே அவருக்குக் கை பரபரக்கும். “போதும், பின்ன வாங்க” என்பேன். எனக்கு இது புதிதா? பிசியோதெரபியில் என் முழங்காலையும் இப்படித்தானே மடக்கினார்கள்... கொஞ்சம் மடக்கி, நீட்டி, மறுபடி இன்னும் கொஞ்சம். ஒரே நாளில் மடக்கிக் காட்டுகிறேன் என்று நான் கிளம்பியிருந்தால் இன்னும் கட்டிலில்தான் கிடந்திருப்பேன். பிடிவாதக்காரர்களுக்குத்தான் பொறுமை அதிகம் வேண்டும்.

நடுவில் டேப் ஒரு இடத்தில் சிக்கிக்கொண்டது. உடைந்தால் திங்கட்கிழமை அவ்வளவுதான். மெதுவாகப் பின்னால் திருப்பி, இரும்புத் துகளைத் துடைத்து, எண்ணெய் விட்டு, மறுபடியும் திருகினார். இளகிக் கொடுத்தது.

சாயங்காலம் புது போல்ட் வெறும் விரலுக்கே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கடைசி இறுக்கலுக்கு மட்டும் ஸ்பேனர். முதலில் அவர் ஏறி நின்று குதித்துப் பார்த்தார். அப்புறம் நான் ஏறினேன். நின்றது!

திங்கட்கிழமை குண்டு குழியெல்லாம் தாண்டி ஸ்கூல் போய்ச் சேர்ந்தேன். வகுப்பில் என் நாற்காலியில் அந்தப் புதுப் பெண். தலைமை ஆசிரியை பதறிக்கொண்டு வந்தார்.

“கால் சரியில்லாம ஏன் டீச்சர் வந்தீங்க? எம்மா நேரம் நிப்பீங்க?”

“இருக்கட்டுங்க. நின்னுக்கிட்டே நடத்துறேன்” என்று கரும்பலகைப் பக்கம் போனேன்.

நாற்காலியை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் – சாக்பீஸ் என் கையில்!